மந்தைவெளி வீட்டுக்கு என்ன விலை சொல்வது

சாந்தோம், மயிலாப்பூர்
8 ஜூன் 1931

அன்புள்ள என் கணவருக்கு,

நானும் குழந்தை ஜோனும் சுகம். அவளை வாட்டிய இருமல் ஒருவழியாகப் போய்விட்டது. மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ரங்கூனில் மறுபடி கலகம் என்று சேதி வந்திருக்குமோ என்று பேப்பரைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

நீங்கள் ஊர் திரும்புவதற்குள் சொந்த வீடு ஒன்று பார்த்து வைக்கச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன். மந்தைவெளியில் ஓட்டு வீடு. மூன்று அறை, கிணறு, பின்னால் கொஞ்சம் தோட்டம். விற்பவர் அஃப்சருன்னிசா பேகம் என்ற விதவை. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் அவருடைய மருமகன், இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று கூப்பிடுகிறாராம். கோஷா குடும்பம். ஆண்கள் திரைக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். நான் பெண் என்பதால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்.

தரகர் முருகையன் வாசலிலேயே நச்சரித்தார். "இன்னாம்மா யோசிச்சிக்கினு கீறே? கெணத்துத் தண்ணி கல்கண்டாட்டம் கீது. நாளிக்கு வந்தா வூடு இருக்காது" என்றார். பேகம் அம்மாள் அப்படி இல்லை. "சமையக்கட்டு சுவத்துல மழைக்கு ஈரம் எறங்குது மகளே, பாத்துக்கோ" என்று தானே கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினார்.

இரண்டாயிரத்து அறுநூறு கேட்கிறார். இரண்டாயிரத்து நானூறு சொல்லலாம் என்பது என் எண்ணம். உங்கள் எண்ணத்தை உடனே எழுதுங்கள். சாப்பாட்டை அலட்சியம் செய்யாதீர்கள்.

உங்கள் அன்பான
மர்சலின்


ரங்கூன்
17 ஜூன் 1931

அன்புள்ள மர்சலின்,

இங்கே அமைதிதான். ஆனால் ஆற்றுத்துறையில் நிற்கிற எந்தக் கப்பலைப் பார்த்தாலும் ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஜோனுக்கு என் முத்தம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். வாங்குகிறவள் எழுதியதுபோல இல்லை, விற்கிறவள் எழுதியதுபோல இருக்கிறது. பேகம் ஈரச்சுவரைத் தானே காட்டினார் என்று பூரித்துப் போயிருக்கிறாய். அரிசி மில்லில் பன்னிரண்டு வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். தானாக ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டுகிறவன்மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம் வரும். சுவரைக் காட்டினால் வேறு எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். மருமகன் கூப்பிடுகிறான் என்பதை யார் போய்ப் பார்த்தது? கடன் இருக்கலாம். பங்காளி வழக்கு இருக்கலாம்.

அரிசி விலை, நிலத்தின் விலை எல்லாமே சரிந்துகொண்டிருக்கிற காலம். ஆயிரத்து அறுநூறு சொல். ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் ஒரு காசு ஏறாதே. டீ குடித்துக்கொண்டு விலை பேசாதே. பெண்பிள்ளையிடம் பேசினால் நீ இளகிவிடுவாய் என்று தெரிந்துதான் உள்ளே உட்கார வைக்கிறார்கள்.

உன் லூயிஸ்


சாந்தோம்
2 ஜூலை 1931

அன்புள்ள கணவருக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், கோபம் குறையவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மந்தைவெளிக்குப் போனேன். உங்கள் சொல்லைத் தட்ட மனமில்லாமல் ஆயிரத்து எண்ணூறு கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, வீடு பார்க்க யாரோ வந்திருப்பதாக வேலைக்காரி சொன்னாள். பேகம் அம்மாள் என்னை எழுந்திருக்க விடவில்லை. திரைக்குப் பின்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வந்த ஆள் பேச ஆரம்பித்தார். "பேகம் அம்மா, இந்த வூட்டு மேல வில்லங்கம் கீதுன்னு கோர்ட்டாண்ட பேசிக்கினு கீறாங்கோ. இது வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வர மாட்டான். ஆயிரத்து இருநூறு நான் குடுக்கிறேன். அந்த டீச்சரம்மாவ நம்பிக்கினு இருக்காதீங்கோ. அவங்க வூட்டுக்காரரு வாங்கப் போறதில்ல, ரங்கூன்லேருந்து எழுதிட்டாரு."

உங்கள் சித்தப்பா மகன் பிரகாசத்தின் குரல். நம் கல்யாணத்தில் பாட்டுப் பாடிய குரல் எனக்குத் தெரியாதா? கையிலிருந்த டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.  பேகம் அம்மாள் மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

பிரகாசம் போன பிறகு கேட்டார்: "அந்தக் குரல் யாருன்னு உனக்குத் தெரியும், இல்லையா?"

"என் கொழுந்தனார்" என்றேன்.

"உள்ள நீ, வெளிய அவர். நல்லா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க" என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். என் டீ கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இனித் தரகரை அனுப்பினால் போதும் என்று வேலைக்காரி வந்து சொன்னாள்.

நீங்கள்தான் அவரை அனுப்பினீர்களா? ஒரே வார்த்தையில் பதில் எழுதுங்கள்.

மர்சலின்


ரங்கூன்
11 ஜூலை 1931

மர்சலின்,

ஆம், அனுப்பினேன். வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். விற்கிறவர் கொஞ்சம் பயந்தால்தான் விலை இறங்கும். பிரகாசம் வாய் நீண்டு உன்னையும் சேர்த்துப் பேசியது தப்பு. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. என்னோடு பேசுவதைவிட அந்த அம்மாளோடு அதிகம் பேசுகிறாய். எனக்கு எழுதுகிற விலையும் அவர் கைக்குப் போகிற விலையும் ஒன்றுதானா? முருகையன் யாருக்கு என்ன கமிஷன் தருவதாகச் சொல்லியிருக்கிறான்? இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

லூயிஸ்


மந்தைவெளி
24 ஆகஸ்ட் 1931

என் கணவருக்கு,

மேலே இருக்கும் விலாசத்தைப் பாருங்கள். இனி இந்த விலாசத்துக்கே எழுதுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. அப்புறம் என் சம்பளத்தில் சேர்த்ததை எடுத்தேன். அம்மா போட்ட இரட்டை வடச் சங்கிலியை விற்றேன். மீதிக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டிவந்த சீட்டை எடுத்தேன். வீடு என் பெயரில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பணம் போஸ்டாபீஸில் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. அதிலிருந்து ஒரு காசும் தொடவில்லை.

இந்தத் தடவை நான் திரைக்கு வெளியே நின்றேன். ஒரே விலை சொன்னேன். குறைத்துக் கேட்கவும் இல்லை, கூட்டச் சொல்ல அவருக்கு இடம் வைக்கவும் இல்லை.  பேகம் அம்மாள் உள்ளிருந்து "சரி" என்றார். மகளே என்று சொல்லவில்லை. பத்திர ஆபீஸ் அதிகாரி வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கினார். கடைசி நாளில் சாவி திரைக்கு வெளியே நீண்டது. கையை மட்டும்தான் பார்த்தேன்.

நான் சொன்ன விலையை உங்களுக்கு எழுதப் போவதில்லை. நேரில் கேட்டாலும் சொல்லமாட்டேன். பத்திர ஆபீஸில் கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். பார்க்காதீர்கள் என்று தடுக்க என்னால் முடியாது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு இந்த வாசலுக்கு வர வேண்டாம்.

ஜோன் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மர்சலின்


ராயபுரம், பிரகாசத்தின் வீடு
6 நவம்பர் 1931

அன்புள்ள மர்சலின்,

திங்கள்கிழமை கப்பலிலிருந்து இறங்கினேன். வேலையை விட்டுவிட்டேன். நேராக உன்னிடம் வரத் துணிச்சல் இல்லை.

புதன்கிழமை பத்திர ஆபீஸுக்குப் போனேன். கட்டணமும் கட்டினேன். மூன்று மணிக்கு வந்து நகலை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். அந்த எண் இரண்டாயிரமோ மூன்றாயிரமோ, அதைத் தெரிந்துகொண்டால் அடுத்து வேறொன்றைத் தெரிந்துகொள்ளத் தோன்றும் என்று பட்டது. மூன்று மணிக்கு நான் போகவில்லை.

போகவில்லை என்பதற்கு என்னிடம் அத்தாட்சி எதுவும் கிடையாது. போயிருப்பான் என்று நீ நினைத்தால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை நாள் உன்னை நான் எந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன். கதவைத் தட்டிவிட்டுத் தெருவிலேயே நிற்கிறேன்.

லூயிஸ்


மந்தைவெளி
7 நவம்பர் 1931

அன்புள்ள உங்களுக்கு,

தட்ட வேண்டாம். பகலில் நான் தாழ் போடுவதில்லை.

சமையல்கட்டுச் சுவர் இந்த மழைக்கு நன்றாகவே நனைந்திருக்கிறது. வந்ததும் ஆள் கூப்பிட்டுப் பூசவேண்டும். பிரகாசம் தம்பியைக் கூட்டி வராதீர்கள்.

மர்சலின்