பாவப்பட்ட ஓநாய்

ஜூலை 8
இரண்டாம் வகுப்புக்கு இன்று காட்டுவழியில் தனியே போகும் சிறுமியின் கதை. பழையது ஒன்று, நான் மாற்றியது ஒன்று. பழையதில் ஓநாய் தின்றுவிடும். என்னுடையதில் அதற்குப் பேச்சுத்துணை இல்லை, அவ்வளவுதான். சிறுமி பேசியதும் அழுதுவிடுகிறது. எது பிடித்தது என்று கேட்டேன்; எல்லாக் கைகளும் என் ஓநாய்க்கே உயர்ந்தன. பெருமையாக இருந்தது.

ஜூலை 14
பொக்கை (முன்பல் விழுந்ததிலிருந்து வகுப்பில் அவள் பெயர் அதுதான்) சாப்பாட்டு நேரத்தில் என் காதருகே வந்தாள். “மிஸ், எனக்கும் ஒரு ஓநாய் கிடைச்சிருக்கு. ஸ்கூல் கேட்டுக்கு வெளிய நிப்பாரு. அவர்கூட யாருமே பேச மாட்டாங்களாம். பாவம் மிஸ், நான்தான் பேசறேன். நாளைக்கு அவர் வீட்டுக்குப் போயி நாய்க்குட்டி பாக்கப் போறேன்.”

சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன்.

மாலையில் அவள் கையை விடாமல் பிடித்துப்போய் அம்மாவிடம் ஒப்படைத்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் என் கதையையும் சொல்ல வேண்டுமே. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை — சீ, இதுவா இப்போது முக்கியம்?

ஜூலை 15
காலையில் அவள் இடம் காலி.

தலைமையாசிரியையின் அறைக்குள் ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன். “அழறதை அப்புறம் வச்சுக்கோம்மா. ஆள் எப்படி இருப்பான், அதைச் சொல்லு” என்றபடியே அவள் அம்மாவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்த முறை எடுத்தார்கள். அம்மாவும் அவளும் பல் டாக்டரிடம் இருக்கிறார்களாம்.

போலீஸ் வந்து விசாரித்தது. அந்த ஆள் வரவில்லை.

ஜூலை 16
பழைய கதையைப் பல்லும் நகமுமாகத் திரும்பச் சொன்னேன்.

“அவர் கெட்டவரா மிஸ்?” பொக்கைதான் கேட்டாள்.

“தெரியாதும்மா. தெரியாதவங்ககூட போகக் கூடாது.”

“அப்ப நீங்க அன்னிக்குச் சொன்னது பொய்யா?”



ஆகஸ்ட் 2
என் வண்டி பழுது. அண்ணன் கூட்டிப்போக வந்திருந்தான். அவன் பைக்கில் ஏறப்போனபோது யாரோ என் பையைப் பிடித்து இழுத்தார்கள். பொக்கை.

“யாரு மிஸ் அது?”

“என் அண்ணன்தான்டா.”

“மூஞ்சியே தெரியலையே. ஹெல்மெட்டைக் கழட்டச் சொல்லுங்க.”

“அம்மாடி, இவ போலீசையே மிஞ்சிடுவா போலயே!” அண்ணன் சிரித்துக்கொண்டே கழற்றினான். அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதன் பிறகும் பையை விடவில்லை.