முன் சீட்டில் மிளகாய் நெடி

நேற்று நம் சிவப்பு வண்டியைப் பார்க்க ஒரு புரோக்கர் வந்திருந்தார். பானட்டைத் திறந்து பார்த்தார், டயரைக் காலால் தட்டினார், உள்ளே உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார். நான் வாசலில் நின்று காத்திருந்தேன். இப்போது வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. அடுக்கடுக்காகத் தும்மிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கினார். அட்வான்ஸ் எடுக்கச் சட்டைப் பைக்குப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. தும்மிக்கொண்டு விலை பேசக் கூடாதாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து உன் சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் முதுகுளத்தூர் மிளகாய் வத்தல் நெடி போகவில்லையடி. எனக்கும் தும்மல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் புது வண்டி மேல் ஆசை வந்துவிட்டது. அதைக் கூட நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் விற்கச் சொல்வதற்கு அத்தை வேறொரு காரணம் வைத்திருக்கிறார். தாலி அறுத்தவள் தினமும் உட்கார்ந்து, கடைசியில் சீக்காளியாகவும் போய் வந்த சீட்டாம், அது வீட்டுக்கு ஆகாதாம். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னார். சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து போனவள்தான் நான், இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. வேறு யாரிடம் சொல்ல? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் பஸ்ஸில் போன காலம் நினைவிருக்கிறதா? நான் மருந்து கொடுப்பவள், நீ நர்ஸ். இராமநாதபுரத்திலிருந்து உப்பூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் இருந்த அந்த ஒரு பஸ்ஸில், கால் வைக்க இடமில்லாமல் போவோம். தேவிபட்டினத்தில் மீன்கூடைகள் ஏறிவிட்டால் கம்பியைப் பிடித்த கையைக் கூட இறக்க முடியாது. பஸ் வராத நாளில், நாம் போய்ச் சேருவதற்குள் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு நாளில்தான் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். கார் ஓட்டக் கற்று லைசன்ஸ் வாங்கி, அதைப் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன் இல்லையா.

“லைசன்ஸ பீரோவுல வச்சு சூடங் காட்டுறியா? பழைய வண்டி ஒண்ணு பாருடி. பெட்ரோலுக்கு நானும் போடுறேன்.”

வீட்டில் யாரும் மகிழ்ந்து சம்மதிக்கவில்லை. பொம்பளைக்கு எதுக்கு கார் என்று நேராகக் கேட்காமல், ரோடு சரியில்லை, லாரி அதிகம், நடுவழியில் நின்றால் என்ன செய்வாய் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். அப்போதுதான் ஈசிஆர் ரோட்டைப் புதிதாகப் போட்டுக் கண்ணாடியாக வைத்திருந்தார்கள். அந்த ரோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கால் துறுதுறுவென்று இருக்கும்.

எனக்கு மைலேஜ்தான் கணக்கு. தினமும் போய் வர வேண்டும், சம்பளத்தை பெட்ரோல் பங்கில் ஊற்ற முடியாது. உன் கணக்கு வேறு. ஸ்டியரிங்கைத் தொட்டே பார்த்திராத நீதான் வண்டிக்கு இலக்கணம் சொன்னாய்: “ஏறுனவளுக்குச் சிரிப்பு வரணும்டி. அப்பத்தான் அது வண்டி.” நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு வண்டியிலும் உன் முகத்தைத்தான் பார்த்தேன்.

முதலில் என் கொழுந்தனார் ஒரு வெள்ளை டீசல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரியது, கௌரவமானது, மைலேஜும் குறை சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்தேன். நகரவே யோசித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நீ கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாய். இறங்கியதும் என் காதில், இதில் போனால் துக்கம் கேட்கப் போகிற மாதிரி இருக்கிறது என்றாய். எனக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்துக் கொழுந்தனார் கோபித்துக்கொண்டார்.

அடுத்தது மண்டபத்தில் பார்த்த நீல வண்டி. பளபளவென்று இருந்தது, விலையும் படிந்துவிடும் போலிருந்தது. நான் உள்ளே மைலேஜ் விசாரித்துக்கொண்டிருந்தபோது, நீ சேலையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து, ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றித் தகரத்தைக் குத்தினாய். துரு பொலபொலவென்று உதிர்ந்தது. வருடக்கணக்கில் உப்புக்காற்றுத் தின்ற வண்டி. “மேல பவுடரு, கீழ பூராம் புண்ணு” என்று விற்பவர் முன்னாலேயே சொன்னாய். அன்றைக்குப் பாம்பன் பக்க வண்டி, மண்டபம் பக்க வண்டி எதுவும் வேண்டாம், கடல் காற்றே படாத ஊரில்தான் வாங்குவது என்று முடிவு செய்தோம். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைப்பு.

அப்படித்தான் முதுகுளத்தூருக்குப் போனோம். வத்தல் காயும் மாசம். ரோட்டோரம், களம், மொட்டைமாடி என்று எங்கு பார்த்தாலும் சிவப்பாகக் கிடந்தது, ஊரே நெடியடித்தது. மிளகாய் வியாபாரி ஒருவரின் சின்ன வண்டி, அதுவும் சிவப்பு. நீ அடியில் புகுந்து ஊக்கால் குத்திக் குத்திப் பார்த்தாய், ஒரு பொட்டுத் துரு இல்லை. நான் டேங்க்கை முழுசாக நிரப்பி, பரமக்குடி வரை ஓட்டித் திரும்பி வந்து மறுபடி நிரப்பி, எவ்வளவு குடித்தது என்று பார்த்தேன். இவ்வளவு கம்மியா என்று நம்பவே முடியவில்லை. இரண்டாவது கியரில் அது துள்ளிய துள்ளலில் நீ கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாய். ஏசி வேலை செய்யுமா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். “செய்யும்மா. ஆனா போட்டா மைலேஜு போயிரும்” என்றார் வியாபாரி. மைலேஜ் பைத்தியம் பிடித்திருந்த நாம் இருவரும் மண்டையை மண்டையை ஆட்டினோம், சுவிட்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உப்புக்குப் பயந்து போனவர்களுக்கு மிளகாய் நினைப்பே வரவில்லை.

வண்டிப் பூசைக்கு முதல் நாள் அத்தை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். அவளைக் கூட்டிப்போவது உன் இஷ்டம், ஆனால் முதல் ஓட்டத்தில் முன்னால் உட்கார வைக்காதே, கிளம்பும்போது எதிரிலும் நிற்க வேண்டாம் என்று சொல்லு என்றார். என் வீட்டுக்காரர் எதுக்கு வம்பு என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். எல்லாரையும் கேலி பண்ணும் நீ, டாக்டரையே எதிர்த்துப் பேசும் நீ, யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் மட்டும் அவர்கள் சொல்லும் முன்பே கதவுக்குப் பின்னால் போய்விடுவாய். உன் வீட்டுக்காரர் போனதிலிருந்து அப்படித்தான். உப்பூர்ப் பக்கம் பிறந்த எத்தனையோ பிள்ளைகளை முதன்முதலில் தொட்டது உன் கை. வலி எடுத்தால் அர்த்த ராத்திரியில் உன்னைத் தேடி ஓடி வந்தவர்களில் ஒருத்தராவது அப்போது சகுனம் பார்த்தார்களா?

பூசை அன்று நீ வேண்டுமென்றே நேரம் தாழ்த்தி வந்தாய். தேங்காய் உடைத்து, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கி, வண்டியைத் தெருவில் எடுத்தேன். பின்கண்ணாடியில் பார்க்கிறேன், தெருமுனை வேப்பமரத்துக்குப் பின்னால் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறாய். வண்டி போய் முடிந்ததும் பஸ்ஸுக்கு நடக்கலாம் என்று நிற்கிறாய். எனக்கு என்ன வந்ததோ, ரிவர்ஸ் கியரைப் போட்டேன். புது வண்டியின் முதல் ஓட்டம் பின்னால் போகிறதே என்று அத்தை நெஞ்சில் கை வைத்தார். மரத்தடியில் நிறுத்தி முன் கதவைத் திறந்துவிட்டேன்.

“ஏண்டி இப்பிடிப் பண்ற? நல்ல நாளும் அதுவுமா. நான் பஸ்ஸுல வாரேன், நீ போ.”

“நீ ஏறலைன்னா வண்டி இங்கனயே நிக்கும். அங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஊசிக்கு ஆளுக உக்காந்திருக்கும். ஒன் இஷ்டம்.”

நீ ஏறினாய். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் பேசுவது உன் காதில் விழக் கூடாது என்று கண்ணாடிகளை ஏற்றி, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஏசியைத் திருகினேன். வியாபாரி அந்த வண்டியில் எத்தனை மூட்டை வத்தல் ஏற்றினாரோ, அத்தனையும் பொடியாக நம் முகத்தில் வந்து அடித்தது. நீ தும்ம, நான் தும்ம, நிறுத்தவே முடியவில்லை. கிளம்பும்போது தும்மல், அதுவும் வண்டி நிறையத் தும்மல். இறங்கித் தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று அத்தை கத்திக்கொண்டே வந்தார். உன் கை கதவுக் கைப்பிடிக்குப் போனது. அதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

தேவிபட்டினம் தாண்டி அந்த நேர் ரோட்டில் வந்த பிறகுதான் உனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாய். “அழுத்துடி” என்றாய். அழுத்தினேன்.

அன்றிலிருந்து அது உன் சீட்டு. மெக்கானிக் இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தும் நெடி போகவில்லை. மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றினால் தும்மல்தான். தும்மிக்கொண்டே போனோம், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சகுனம் சரியில்லாத அந்த வண்டி ஒரு நாள் கூட நடுரோட்டில் நின்றதில்லை.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரைக்கு அதே வண்டியில்தான் போய் வந்தோம். பின் சீட்டில் படுத்துக்கொள் என்றால் கேட்க மாட்டாய், சாய்த்துப் போட்ட முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வருவாய். கடைசித் தடவை மானாமதுரை தாண்டும்போது, நான் போனதும் இதைத் தள்ளிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிக்கொள், உன்னை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்றாய். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். நீ போன பிறகும் அதைத் தள்ளவில்லை. நீ சொல்லி நான் கேட்காத விஷயங்களில் இதையும் சேர்த்துக்கொள்.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நம் சுகாதார நிலையத்தில் நோயாளிகளுக்கு ஓ.பி. சீட்டு எழுதிக்கொடுக்க ஒரு பெண் வந்திருக்கிறாள். கடலுக்குப் போன புருஷன் போன வருடம் திரும்பவில்லை. தேவிபட்டினம் நிறுத்தத்தில், எல்லாருக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். உன்னை அந்த வேப்பமரத்தடியில் பார்த்தது போலவே இருந்தது. வண்டியை நிறுத்திக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தவள் நேராகப் பின் கதவில் கை வைத்தாள்.

“முன்னால ஏறு” என்றேன்.

ஏறினாள். கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன், உன்னிடம் மறைப்பானேன். உடனே தும்மினாள். முகம் வெளிறிப்போய், “தும்மிட்டேன்க்கா. செத்த நேரம் நின்னுட்டுப் போவமா?” என்றாள். எனக்கும் தும்மல் வந்தது. தும்மியபடியே இரண்டாவது கியரைப் போட்டு அந்த நேர் ரோட்டில் அழுத்தினேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், உப்பளம் தாண்டியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

புரோக்கருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தையிடம் இன்று சாயங்காலம் சொல்ல வேண்டும், முன் சீட்டுக்கு ஆள் ஏறியாச்சு என்று.