புரட்டாசிச் சட்டியில் பாஸ்தா

செப்டம்பர் 3

பவனேஷ் ஜோகூரிலிருந்து போன் செய்தார். பதினான்காம் தேதி வருகிறாராம், மூன்று நாள் லீவு. போன தடவை வந்துவிட்டுப் போய் ஐம்பத்தொரு நாள் ஆகிறது. அதை நான் சொல்லவில்லை. பெண்டாட்டி நாள் எண்ணுகிறாள் என்று தெரிந்தால் தலைக்கனம் ஏறிவிடும்.

செப்டம்பர் 5

எங்கள் அறைக்கும் மாமியார் படுக்கும் ஹாலுக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். நான் இருமினால் "தண்ணி வேணுமா அன்பரசி?" என்று அத்தை கேட்பார். இதில் புருஷனிடம் என்னத்தைப் பேசுவது? அதனால்தான் இந்தத் தடவை வெளியே கூடாரம் போட்டுத் தங்கத் திட்டம். உலு யாம் ஆற்றோரம், ஒரு ராத்திரி. சாப்பாடு அவர் ஆசைப்படி. ஜோகூரில் தங்கி அவர் தினமும் வேலைக்குப் போய்வரும் சிங்கப்பூரில், கூட வேலை செய்பவர்கள் இத்தாலிக் கோழி பாஸ்தா வாங்கிக் கொடுத்தார்களாம். "நீ செஞ்சா எப்படியிருக்கும்னு பாக்கணும் அன்பு."

செய்யலாம். ஆனால் என்னையும் ஜோகூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். கல்யாணமாகி நாலு வருஷம். நானாகக் கேட்க மாட்டேன்.

செப்டம்பர் 10

பதினேழாம் தேதி புரட்டாசி. அத்தை இப்போதே பாத்திரங்களைத் தேய்க்கிறார். கவிச்சிச் சட்டிகள் பெட்டிக்குள் போகும்; புரட்டாசிச் சட்டிகள் பரணிலிருந்து இறங்கும். அடுப்படி முழுக்கச் சட்டிதான்.

செப்டம்பர் 12

ரவாங் வரை போய் சீஸும் ஓரிகானோவும் வாங்கினேன். அத்தை முகர்ந்துவிட்டு, "ஓமமாட்டம் இருக்கு" என்றார்.

செப்டம்பர் 15

கூடாரத்திலிருந்து வந்துவிட்டோம். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வெங்காயம், பூண்டு வதக்கி, கோழியைச் சிவக்கவிட்டு, தக்காளி ஊற்றி, அதிலேயே பாஸ்தாவையும் கொட்டினேன். நன்றாகக் கொதிக்கும்போது அவர், "கைப்பிடியில என்ன மஞ்ச நூலு?" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அது அத்தை பெருமாளுக்குப் பொங்கல் வைக்கிற சட்டி. அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறேன். அதில் கோழி!

அவர் சிரித்தார். நான் அழுதேன். சட்டிக்காக இல்லை.

"நீங்க கெளம்பிப் போயிடுவீங்க. எனக்கு அந்தப் பலகைச் சுவருதான்."

அவர் சிரிப்பு நின்றது. "அங்க ஒரு ரூமுல நாலு பேரு படுக்குறோம். உன்ன எங்க வெக்கிறது? அம்மாவையும் தனியா விட முடியாது லா."

அப்படியானால் யோசித்திருக்கிறார். யோசித்து, முடியாது என்றும் முடிவு செய்திருக்கிறார் — என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பாஸ்தா குழைந்து அடிபிடித்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் முழுவதையும் தின்று தீர்த்தோம். ருசியாக வேறு இருந்தது.

செப்டம்பர் 16

அத்தையிடம் சட்டியைக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். வீரர் பவனேஷ் அதற்குள் குளிக்கப் போய்விட்டார்.

அத்தை நூலை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார். "இது இனிமே கவிச்சிக்கு ஆவட்டும். பெருமாளுக்கு வேற வாங்கிக்கலாம்." பிறகு மெல்லச் சொன்னார்: "பலகைச் சுவரு தானே. அவன் போன வெச்சப்பொறம் நீ அழுவுறது எனக்குக் கேக்காதா? அவன்கூடப் போறேன்னு நீயா சொல்லுவேன்னு நாலு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். செரண்டாவுல என் மக உஷா இருக்கா, என்னைப் பாத்துக்குவா. நீ போ."

நானும் வாய் திறக்கவில்லை, அத்தையும் திறக்கவில்லை. யாரைத் திட்டுவது?

அத்தை அவரிடமும் சொன்னார். சாயங்காலம் ஜோகூருக்குக் கிளம்பும்போது பவனேஷ், "வீடு பாக்குறேன்" என்றார். நம்பலாமா?

அக்டோபர் 8

வீடு இன்னும் கிடைக்கவில்லையாம். போனை வைத்த பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இப்போது அழவும் கூச்சம், அத்தைக்குக் கேட்குமே.

நவம்பர் 21

ஜோகூர் பாரு. நாலாவது மாடி, ஒற்றை அறை. கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் இல்லை. விடியுமுன்னே அவர் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். துணி துவைத்தேன், அத்தைக்குப் போன் போட்டேன், கூட்டினேன், திரும்பவும் கூட்டினேன்.

ராத்திரி எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எட்டு மணிக்கு. இன்றைக்கே.