ஜோதிமேரியின் ஒருசந்தி

கடலூர்
7.3.2025

அன்பு மகள் ஜோதிமேரிக்கு, சேசுவுக்குத் தோத்திரம்.

ஹாஸ்டலில் போன் கொடுக்கமாட்டார்கள். போகட்டும், உன் ஜெகன் மாமா தினமும் சிதம்பரத்துக்கு வேலைக்கு வருவதால் என் புலம்பல் உனக்குச் சூடாகவே வந்து சேரும். முதுகுக்குக் கொடுத்த பெல்ட்டைப் போடுகிறாயா? வேர்க்கிறது, குத்துகிறது என்று கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. டாக்டரம்மா சொன்னது எனக்குத் தூக்கத்திலும் கேட்கிறது. "முதுகு வளைஞ்சதோட எலும்பும் பலமில்லாம இருக்கும்மா. வளர்ற வயசு. இப்படியே விட்டா வளைவு ஜாஸ்தியாவ வாய்ப்பிருக்கு. பெல்ட்டு மட்டும் பத்தாது, சாப்பாடு, வெயிலு, ஓட்டம் எல்லாம் வேணும்." ஈஸ்டர் முடிந்ததும் எக்ஸ்ரே. வளைவு கூடியிருந்தால் ஆபரேஷன்தான்.

ஈஸ்டர் வரை நோன்பிருக்கும் தவக்காலம் என்றாலும் உனக்கு விலக்கு உண்டு. நெத்திலிக் கருவாடு வறுத்து அனுப்பியிருக்கிறேன். பாலும் முட்டையும் தினமும் வேண்டும்.

உன் அம்மா,
பாக்கியமேரி

சிதம்பரம்
10.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பெல்ட் போடுகிறேன். பேனா கீழே விழுந்தால் குனிய முடியாது, பக்கத்துக் கட்டில் இலக்கியாதான் எடுத்துத் தருகிறாள். அதற்குக் கூலியாக என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறாள். காலையில் வெயிலில் நிற்கிறேன். கருவாடு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அப்பா எங்கே இருக்கிறார்? வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

ஜோதி

கடலூர்
14.3.2025

ஜோதி,

ஒரு டப்பா கருவாடு ஒரே நாளில் தீருமா? நீ என்ன பூனையா? மாமா இலக்கியாவைக் கேட்டிருக்கிறார். "ஜோதி ஒருசந்தி இருக்கா மாமா. மதியம் மட்டும் சோறும் ரசமும். பாலு, முட்டை, கருவாடு எல்லாம் எங்களுக்குத்தான்" என்றாளாம். எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. மற்ற பிள்ளைகள் இருக்கட்டும், நீ இருக்கலாமா? யார் சொல்லிச் செய்தாய்? மறைக்காமல் எழுது.

அம்மா

சிதம்பரம்
17.3.2025

அம்மா, திட்டாதீர்கள்.

யாரும் சொல்லவில்லை. விபூதிப் புதனன்று கோவிலில் நானாக நேர்ந்துகொண்டேன். ஈஸ்டர் வரை பால், முட்டை, கவிச்சி தொடாமல் ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி இருக்கிறேன், ஆபரேஷன் இல்லாமல் முதுகை நிமிர்த்திவிடு என்று கேட்டேன். சும்மா சொன்னால் சாமி நம்புமா? அதனால், முறித்தால் அப்பாவை எடுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டேன். என்னிடம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. பால் டம்ளரைப் பார்த்தாலே அப்பாவின் லாரிதான் கண்ணுக்குள் வருகிறது. தலை சுற்றுகிறது. ஆனாலும் என்னால் முறிக்க முடியாது.

ஜோதி

கடலூர்
18.3.2025

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் கோவிலுக்குப் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். "நோயாளிப் புள்ளைக்கு ஒருசந்தி கெடையாதும்மா. பயந்துபோய் வெச்ச பந்தயம் நேர்ச்சையே இல்ல. ஆண்டவரு அப்பனைப் புடுங்குறவரா?" என்றார். இது உனக்குப் போதாது என்று எனக்குத் தெரியும், பிடிவாதத்தில் நீ என்னைப் பெற்றவள். அதனால் பீடத்துக்கு முன்னால் முட்டிபோட்டு, மீதி ஒருசந்தியை நான் ஏற்றுக்கொண்டேன். குற்றம் என்று ஒன்று இருந்தால் அது என் தலையோடு போகட்டும். அப்பா பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார், வந்துவிடுவார். நீ சாப்பிடு தாயே. உன் காலில் விழுகிறேன்.

அம்மா

சிதம்பரம்
19.3.2025

அம்மா,

மத்தியானம் ஒரு முட்டை சாப்பிட்டேன். இலக்கியா கையைப் பிடித்துக்கொண்டாள். விழுங்கியதிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வகுப்பில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டதும் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று அழுதுவிட்டேன். அப்பா வந்துவிட்டாரா? நீங்கள் எழுதினால் நம்பமாட்டேன், எனக்காகப் பொய் சொல்வீர்கள். அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எதுவும் இறங்காது.

ஜோதி

கடலூர்
20.3.2025

ஜோதிக்கு அப்பா எழுதுவது.

பள்ளிக்கூடத்தை விட்டபின் கையெழுத்துப் போட்டதோடு சரி, பிழை இருந்தால் சிரிக்காதே. விடியற்காலையில் வந்து சேர்ந்தேன். ஓசூரில் ஒரு டயர் வெடித்தது. அது பழைய டயர், உன் முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். என்னைப் பந்தயத்தில் வைப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதுகு நிமிர்ந்தாலும் நிமிராவிட்டாலும் நீ சாப்பிடத்தான் வேண்டும் என்று சொல்லியிருப்பேன். எக்ஸ்ரே எப்படி வந்தாலும் நான் கூடவே இருப்பேன், அன்றைக்கு லோடு எடுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பயமாக இருந்தால் அதுவரை என் முகத்தை நினைத்துக்கொண்டு சாப்பிடு. அன்றைக்கு என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

அப்பா,
இருதயசாமி