நாலு பெற்றவளுக்கு

இன்று காலை பிள்ளையார்பாளையத்துத் தெருவில் திரும்பியதும் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். தறி இருந்த வீட்டை விட்டு நீ வந்து வருஷக்கணக்கான பிறகும் மழை நாளில் உன் புடவையை உதறினால் இதே வாசனைதான் வரும். அது துணியில் இருந்ததா, உன் மேலேயே இருந்ததா, எனக்குத் தெரியாது. “நர்ஸம்மா, அப்பால போங்க, கஞ்சி தெறிக்கும்” என்று ஒருவர் சொன்னார். சரி என்று நடந்தேன். இன்னார் நினைவாக நின்றேன் என்று சொல்ல அந்தத் தெருவில் ஓர் ஆள் இல்லை. அதனால் வீட்டுக்கு வந்து உனக்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நான் முதலில் பார்த்தபோது நீ என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உங்கள் தெரு மருத்துவச்சி கைவிட்ட பிறகு, வேறு வழியில்லாமல் உன் மாமியார் முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியிருந்தார். நான் வந்து சேர்ந்தபோது குழந்தை வயிற்றிலேயே போய்ச் சில நாள் ஆகியிருந்தது. கை பட்ட இடத்தில் தோல் உரிந்தது. உன் மாமியார் அதைப் பழந்துணியில் சுற்றிக் கொல்லைப் பக்கம் எடுத்துக்கொண்டு போனார். அப்போதுதான் நீ திரும்பினாய். “இதுவும் போச்சா?” என்று கேட்டாய். அழவில்லை. நான் தலையசைத்தேன். அது உனக்கு நாலாவது.

வேலூரில் படித்த காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டும் மாசம் நிறையாமல் போயின, மூன்றாவது மட்டும் உயிரோடு பிறந்து, மூக்கடைத்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சில நாளில் போயிற்று என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. உன் வீட்டிலோ அதற்கு நாகதோஷம் என்று பெயர். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தில் உன் மாமியார் கட்டிய தொட்டில்கள் ஒவ்வொன்றாக இற்று விழுந்துகொண்டிருந்தன.

உன் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினோம். பதில் வந்ததும் எங்கள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இதைப் பெண்பிள்ளையிடம் பேசுவது முறையில்லை, புருஷனை வரச் சொல்லுங்கள், அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வரச் சொன்னோம். உன் வீட்டுக்காரர் வரவே இல்லை. நாற்பது நாள் கழித்து நீதான் வந்தாய். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் உன்னை நிறுத்தி, யாருக்கும் கேட்காத குரலில், இது மேகவியாதி, உன் புருஷனிடமிருந்து உனக்கு வந்தது, உன்னிடமிருந்து பிள்ளைகளுக்குப் போனது என்றேன்.

நீ கேட்டாய். “நான் எதனா தப்பு பண்ணேனா?”

“இல்லை.”

“அப்ப ஏன் மெதுவா பேசுறீங்க?”

நீ மெதுவாகக் கேட்கவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் வீட்டுக்காரரை நீ ஒருநாளும் கெட்டவர் என்று சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால், புடவை கொடுக்கச் சென்னைக்குப் போய்வந்துகொண்டிருந்த வயதில் வந்த புண் அது. யாரோ ஒரு நாட்டு வைத்தியர் மருந்து கொடுத்தார், ஆறிவிட்டது, அதோடு போயிற்று என்று அவர் நம்பியிருந்தார். ஊசி போட்டுக்கொள்ள வாங்க என்று நீ சொன்னபோது, ஆறிப்போன புண்ணுக்கு எதற்கு ஊசி என்றாராம். அவ்வளவுதான் சொன்னார், தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை என்றாய். நீ மட்டும் வாரா வாரம் வந்து கையைக் காட்டினாய். அதற்குள் உன் மாமியார் தாமலில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். இரண்டாந்தாரம். வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும், உன்னையும் தள்ளிவிட மாட்டோம், ஒரு மூலையில் இருந்து தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டு சாப்பிடலாம் என்று பேச்சு.

மூலை கிடைத்ததற்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் நீ. எத்தனையோ பேர் அப்படித்தான் இருந்தார்கள். நீ என்னிடம் வந்து, “தாமலுக்கு என்கூட வரீங்களா?” என்று கேட்டாய். எதற்கு என்றேன். “அந்தப் பொண்ணும் பெத்துப் பெத்துப் பொதைச்சிக்கினு இருக்கணுமா?” என்றாய்.

மாட்டுவண்டியில் போனோம். ஏரி நிறைந்து கிடந்த வருஷம். கரை மேல் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. பெண் வீட்டு வாசலில் அவள் அம்மா நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீ யார் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. மூத்தவள் வயிற்றெரிச்சலில் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நீயாகவே நெல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய்.

“சண்டைக்கு வரலம்மா. என் வூட்டுக்காரருக்கு ஒரு வியாதி இருக்குது. எனக்கும் வந்துது. எம் புள்ளைங்கள அதுதான் எடுத்துக்கிச்சு. அவரு ஊசி போட்டுக்கினு தேறட்டும். தேறினப்புறம் உம் பொண்ணக் குடு, நானே வந்து தாலி எடுத்துக் குடுக்கிறேன். இப்ப குடுக்காத.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நானும் ஆமாம், உண்மைதான், நான்தான் பிரசவம் பார்த்தேன் என்றேன். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் நம்மை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நாமாக எழுந்து வந்தோம். திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முகத்தைக் கழுவிக் கழுவி வெகுநேரம் குனிந்திருந்தாய். நான் வண்டியிலேயே இருந்தேன். கிட்ட வர வேண்டாம் என்று உன் முதுகே சொன்னது.

சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண்ணை வாலாஜாபாத் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நன்றி சொல்லி யாரும் வரவில்லை.

உனக்கு நடந்தது வேறு. புருஷன் மானத்தை ஊர் கடந்து போய் விற்றவள் என்று உங்கள் பெரியவர்கள் கூடிச் சொன்னார்கள். உன் துணிமூட்டை தெருவுக்கு வந்தது. உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எனக்குக் கொடுத்திருந்த வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. நீ வந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “அடுப்பு எங்க இருக்குது?” என்று கேட்டாய். அதுவரை நான் அந்த வீட்டில் ஆள் குரலே கேட்டதில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலும் இந்தப் பையும்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பேராகப் போக ஆரம்பித்தோம். நான் தனியாகப் போன காலத்தில் பெண்கள் பிரசவத்துக்கு மட்டும் கதவைத் திறப்பார்கள். நீ வந்த பிறகு கதையே வேறு. கலியாணமாகாத பெண்கள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் வீட்டில் போய், நீயும் ஒரு ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வாய். கை அதன்பாட்டுக்குச் சுற்றும், வாய் அதன்பாட்டுக்குப் பேசும். மாதாமாதம் வருவது தீட்டுமில்லை, சாபமுமில்லை என்பாய். பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று பூசி மெழுகாமல் சொல்வாய். மாப்பிள்ளைக்கு இதற்கு முன்னால் ஏதாவது புண் வந்ததா என்று உங்கள் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள் என்பாய். அதெல்லாம் எப்படிக் கேட்பது என்று அவர்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தால், “கேளுங்கடி, கேட்டா வாய் வெந்துடாது” என்பாய். பாதி வீடுகளில் அசிங்கம் பேசுகிறவள் என்று நம்மைத் திரும்ப வர விடவில்லை. மீதி வீடுகளில் வந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லாமல் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள்.

சேரிக்குப் போக ஆரம்பித்ததும் அந்தக் கதவுகளிலும் பல சாத்திக்கொண்டன. அங்கே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வராதீர்கள் என்று சொன்னவர்கள் உன் சொந்தக்காரர்கள். “இந்த வியாதி தெரு பாத்துக்கினா வருது?” என்று மட்டும் கேட்டுவிட்டு நீ சேரிக்கே நடந்தாய். அன்று நீ அழுதது எனக்குத் தெரியும். வராதே என்று கதவைச் சாத்தியது உன் தங்கை வீடு.

ஊசி மருந்து எப்போதும் பற்றாது. வருகிற கொஞ்சமும் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத்தான் முதலில் போகும். அவர்கள் பின்வாசல் வழியாக வந்து போட்டுக்கொண்டு போவார்கள். சுகாதார வாரத்தில் படம் காட்டிப் பிரசங்கம் செய்தால் அதற்கும் ஆண்களை மட்டும்தான் விடுவார்கள். நீ டாக்டர் அறை வாசலில் போய் உட்கார ஆரம்பித்தாய். சண்டை போடவில்லை. காலையில் உட்கார்ந்தால் அவர் சாப்பாட்டுக்குப் போகும்வரை உட்கார்ந்திருப்பாய். அவர் சலித்துப்போய்ச் செவ்வாய்க்கிழமை காலை பெண்களுக்கு என்று ஒதுக்கினார். முதல் செவ்வாய்க்கிழமை நீயும் நானும் பெஞ்சைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தோம், ஒருத்தியும் வரவில்லை. அடுத்த வாரம் சேரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் நெசவுத்தெருப் பெண் ஒருத்தி முக்காடு போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

உன் வீட்டுக்காரரும் வந்தார். ஒரு நாள் ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். விடாமல் வந்து முழுசாகப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, வீட்டுக்கு வந்துவிடு என்றார். “என்கூட வந்து நாலு ஆம்பளைங்ககிட்ட இதச் சொல்வீங்களா?” என்று நீ கேட்டாய். அவரால் முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவ்வப்போது ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, வரிசையில் விட்டுவிட்டு, நம்மைப் பார்க்காமல் போய்விடுவார். நீ அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாய். என்ன நினைத்தாய் என்று நான் கேட்டதில்லை.

கருட சேவைக் கூட்டம் கலைந்த வாரம் வாந்திபேதி வந்தது. கிணறு கிணறாக மருந்து போடப் போனோம். ஒரு காலையில் நீ எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் உன் குரல் போய்விட்டது. என் கையைப் பிடித்திருந்தாய், பிறகு பிடிக்கவில்லை.

உன் வீட்டார் வந்து உன்னை எடுத்துக்கொண்டார்கள். மூட்டையைத் தெருவில் போட்டவர்களே உன் மேல் புதுப் பட்டுப்புடவை போர்த்தினார்கள். உன் வீட்டுக்காரர் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். அவர் அழுததைப் பார்த்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது. நான் தெருமுனையில் நின்றேன். நீங்கள் இவளுக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு சொல் கிடையாது. யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, நீ முந்தின ராத்திரி ஊறப்போட்ட அரிசியைக் கொட்டினேன். அந்த வீடு மறுபடி நீ வருவதற்கு முன்னால் இருந்த வீடாகிவிட்டது.

இந்த இரண்டு வருஷமும் நான் தனியாகத்தான் போகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான், உனக்குத்தான் தெரியுமே. உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். “நாலு. நாலும் மண்ணுல இருக்குதுங்க. ஏன்னு சொல்றேன், கேளு” என்று நீ ஆரம்பிப்பாய். அதற்குப் பிறகு எழுந்து போனவளை நான் பார்த்ததில்லை. என்னிடம் கத்திரிக்கோல் இருக்கிறது, சோப்பு இருக்கிறது, சர்க்கார் அச்சடித்த படங்கள்கூட இருக்கின்றன. அந்த வார்த்தை இல்லை. எனக்குக் கலியாணமே ஆகவில்லை என்றதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பாவம் என்பது போலப் பார்ப்பார்கள், மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பல மாதம் மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

போன வாரம் தென்னேரியில் ஒரு வீடு. மருமகள் மாசமாக இருந்தாள், இரண்டு முறை தங்காமல் போனவள். மாமியார் அதே கேள்வியைக் கேட்டாள். எனக்கு இல்லம்மா, என்னோடு ஒருத்தி இருந்தாள், அவளுக்கு நாலு என்றேன். எப்படி வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியவில்லை. இப்ப எங்க இருக்குதுங்க என்று கேட்டாள். சொன்னேன். முதலாவதிலிருந்து, தோல் உரிந்து என் கையில் வந்த கடைசிப் பிள்ளைவரை சொன்னேன். மருமகள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை புருஷனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்தால்தான் உண்டு.

அவர்களுக்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை. உன் பிள்ளைகள் நாலு பேரையும் இப்போது நான்தான் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போகிறேன்.