பால் சேராத ஐஸ்கிரீமுக்கு ஐந்து நட்சத்திரம்

பெஹாலா, கொல்கத்தா
பிப்ரவரி 11, புதன்கிழமை

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவரவர் மாத்திரை டப்பாவின் தயவில் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை சைதன்யாவும் அந்த ஹாலிஃபாக்ஸ் பனியில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்பாள் துணை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் காகிதத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் ஸாரிப்பா என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாய், தவிரவும் போன் அடித்தால் உன் அம்மா கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றுகொள்வாள், அவள் எதிரில் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. அவளுடைய கடையைப் பற்றியது. ஃப்ளோரா ஆன்ட்டி கடைக்கு வருவதை நிறுத்தி ஐந்து வெள்ளிக்கிழமை ஆகிறது, உன் அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, காரணம் எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ இதுவரை கடையைப் போன் வழியாகத்தான் பார்த்திருக்கிறாய். நீ கிளம்பிப் போன அடுத்த வருஷம், இனிமேல் பால் உனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதும் உன் அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் தேங்காய்ப்பாலையும் முந்திரியையும் அரைத்து ஐஸ்கிரீம் பண்ண ஆரம்பித்தாள், அடுத்த வீட்டு மது அதை ருசி பார்த்துவிட்டு துர்கா பூஜோ சமயத்தில் வாசலில் ஒரு மேஜை போடவைத்தாள், அந்த மேஜை வளர்ந்து நம் காரேஜையே விழுங்கிவிட்டது. நான் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் ஆபீஸராக இருந்து ரிடையரானவன், இப்போது கல்லாவில் உட்கார்ந்து கோப்பை எண்ணிக் கொடுக்கிறேன். ஜனங்கள் சாப்பிட்டுவிட்டுப் போய் இன்டர்நெட்டில் அபிப்பிராயம் எழுதுகிறார்கள், அதை உட்கார்ந்து படிப்பதும் என் உத்தியோகமாகிவிட்டது. எங்கள் துறைமுகத்தில் புகார் என்றால் பெயர், விலாசம், கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக் கூடைக்குப் போகும். இங்கே சூரியகாந்திப் பூ படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யார் வேண்டுமானாலும் மார்க் போடலாம்.

ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார், காரை நிறுத்த இடம் இல்லையாம். அவர் காரை விட்டு இறங்கவே இல்லை, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனவர், நானே பார்த்தேன். இன்னொருத்தி தேங்காய் ஐஸ்கிரீமில் தேங்காய் வாசனை வருகிறது என்று எழுதியிருக்கிறாள், அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல. நியூ டவுனிலிருந்து நாலு பிள்ளைகள் ஆப் டாக்ஸி பிடித்து இவ்வளவு தூரம் வந்தார்கள், ஆளுக்கு ஏழு மாதிரி இலவசமாக நக்கிப் பார்த்தார்கள், நாலு பேருக்குமாக ஒரே ஒரு கோப்பை வாங்கினார்கள், போகிற வழியிலேயே வெளிச்சம் சரியில்லை, போட்டோ நன்றாக வரவில்லை என்று இரண்டு நட்சத்திரம் போட்டார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதைதான். மிருகத்திடமிருந்து வருகிற எதையும் தொடாத வீகன் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள், அவள் ஐஸ்கிரீமில் ஒரு குறையும் காணாமல் உன் அம்மா சரஸ்வதி பூஜோவுக்குக் கட்டியிருந்த பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு, எத்தனை புழுவைக் கொதிக்கவைத்துக் கட்டிய புடவை என்று ஒரு பக்கம் எழுதிவிட்டாள். ஒரு குடும்பம் வெங்காயம், பூண்டு சேர்ப்பதுண்டா என்று மூன்று தரம் கேட்டு மூன்று தரமும் இல்லை என்று சொன்ன பிறகு பதில் சொன்னவர் முகத்தில் சிரிப்பு இல்லை என்று என் முகத்துக்கு மார்க் குறைத்தது. நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா, லேக் மார்க்கெட்டிலிருந்து வந்த ஒரு மாமா ஃபில்டர் காபி ஐஸ்கிரீமில் சிக்கரி போதாது, முயற்சியைப் பாராட்டலாம் என்று பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி எழுதியிருக்கிறார், அவர் வீட்டுக் காபியை நான் குடித்திருக்கிறேன், அதற்கு நான் வாயைத் திறக்கவில்லை. இவர்களுக்கு மேலே நம் எதிர்வீட்டு முகர்ஜி பாபு. நலேன் குடேர் என்கிற ஈச்சவெல்ல ஐஸ்கிரீமில் இருப்பது இந்தப் பனிக்காலத்து வெல்லம் இல்லை, போன வருஷத்தது என்று நாலு பத்தி வங்காளத்தில் எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்தார், கொடுத்த மறுநாளிலிருந்து தினம் சாயங்காலம் வந்து அதையேதான் சாப்பிடுகிறார். கேட்டால் கொள்கை வேறு, நாக்கு வேறு என்கிறார்.

உன் அம்மா இதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று போய்விடுவாள். அவளுக்கு ஒரே ஒருத்தருடைய அபிப்பிராயம்தான் கணக்கு, அது ஃப்ளோரா ஆன்ட்டி. எண்பத்திரண்டு வயது, அலிப்பூரில் தனியாக இருக்கிறாள், இந்த ஊரில் மிச்சமிருக்கும் யூதக் குடும்பங்களில் ஒன்று. அவர்கள் கறி சமைத்த சாப்பாட்டோடு பால் சேர்ந்த எதையும் தொடமாட்டார்கள், சாப்பிட்டு முடித்துப் பல மணி நேரம் கழிந்தால்தான் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு அவர்களுக்குப் பெரிய சாப்பாடு, அன்றைக்குக் கோழி இருக்கும், ஆகையால் அதன் பின்னால் ஐஸ்கிரீம் என்பது அந்த அம்மாளுக்கு இந்த ஊரில் இல்லாத பண்டமாகவே இருந்தது. நம் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருநாள் டிரைவரோடு வந்தாள். ஒரு சொட்டுப் பால் கிடையாது என்று உன் அம்மா சொன்னாள். சத்தியமாகவா என்று கேட்டாள். சத்தியமாக என்றாள் இவள். அவ்வளவுதான் பத்திரம். யூத ஆசாரப்படி சுத்தம் என்கிற கோஷர் முத்திரை வாங்கிக்கொடுத்ததும் ஃப்ளோரா ஆன்ட்டிதான், பம்பாயிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு தாடிக்காரரை வரவழைத்தாள், அவர் பாத்திரம், சர்க்கரை மூட்டை, டப்பாவின் பின்பக்க எழுத்து வரைக்கும் பார்த்தார். பாவம், ஒரு கரண்டியை மாற்றிப் போட்டதற்காக என்மேல் முப்பத்தைந்து வருஷம் பாய்ந்த உன் அம்மாவுக்கு அவர் என்ன புதிதாகச் சொல்லிக்கொடுப்பார். என் காபியில் பால் இருக்கிறது என்பதால் காரேஜ் வாசலைக்கூட நான் டம்ளரோடு தாண்டக்கூடாது, தினம் காலையில் டயமண்ட் ஹார்பர் ரோடு பஸ்ஸைப் பார்த்தபடி பிளாட்பாரத்தில் நின்றுதான் குடிக்கிறேன், போகிறவர் வருகிறவர் எல்லாம் வீட்டில் சண்டையா என்று கேட்கிறார்கள்.

இப்படி இருக்கும்போது டிசம்பரில் ஒரு பாராட்டு வந்தது. சாய் கிருஷ்ணா என்று பெயர், ஐந்து நட்சத்திரம், கடைக்கு வந்ததிலேயே நீளமான பாராட்டு. மது அதைச் சத்தம் போட்டுப் படித்தாள். எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சினால்தான் இந்த ருசி வரும், வாசல் பால்காரர் கறந்து ஊற்றின பாலின் மணம் அப்படியே இருக்கிறது, சின்ன வயசில் அம்மா திரட்டுப்பால் கிளறி இறக்கியதும் வாணலி அடியை வழித்துத் தின்ற மாதிரி இருந்தது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மிகவும் அன்பானவர் என்று போகிறது. மது கைதட்டினாள். உன் அம்மா அதை பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். யாரோ பட்டிக்காட்டுப் பிள்ளை தெரியாமல் புகழ்கிறான் என்று நான் விட்டுவிட்டேன். பாலே இல்லாத கடையில் பால் பிரமாதம் என்று ஒருத்தன் எழுதுகிறானே, படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, அன்பானவர் என்ற வார்த்தையில் எனக்கும் கொஞ்சம் மயக்கம்.

ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை ஃப்ளோரா ஆன்ட்டி வந்து வாங்கிப்போனாள், இரண்டாவது வெள்ளிக்கிழமை வரவில்லை. மூன்றாவதும் வரவில்லை என்றதும் உடம்பு சரியில்லையோ என்று உன் அம்மா டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு மஜேர்ஹாட் வரை மெட்ரோவில் போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனாள். அந்த அம்மாள் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தாளாம், முழங்கால் வலியிலிருந்து மாநகராட்சி வரைக்கும் எல்லாம் பேசினாளாம், ஆனால் டப்பாவை வாங்கி அப்படியே வேலைக்காரியிடம் கொடுத்து உன் பிள்ளைகளுக்கு எடுத்துப் போ என்றாளாம். ஏன் என்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. போன வாரம் பம்பாய்க்காரரிடமிருந்து கடிதம் வந்த பிறகுதான் விளங்கிற்று. எருமைப்பால் ருசி என்று வாடிக்கையாளர் ஒருவர் எழுதியதாகவும், வெளிநாட்டிலிருக்கும் ஃப்ளோரா ஆன்ட்டியின் மருமான் அதைப் படித்துப் பதறி அவளுக்குச் சொன்னதாகவும், நாங்கள் விளக்கம் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். உன் அம்மா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். ஒருத்தி எண்பது வயசுக்கு மேலே நம்பிச் சாப்பிட்டாள், அவள் விரதத்தை நான் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்து அந்தப் பாராட்டைத் திரும்ப ஒருதரம் படித்தேன் அம்மா. முதலில் இடித்தது அந்த அன்பான பெரியவர். கடையில் ஐம்பத்தெட்டு பேர் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், சிடுமூஞ்சி என்பதுதான் அதில் கௌரவமான வார்த்தை. என்னை அன்பானவன் என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருத்தி. அடுத்தது வாணலி. அதை வழிக்க நம் வீட்டில் யாருக்கு உரிமை என்று எனக்குத் தெரியாதா. சாய் கிருஷ்ணாவாம், மீசை ஒன்றுதான் நீ ஒட்டிக்கொள்ளவில்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். ஊரெல்லாம் சாப்பிட்டுவிட்டுத் திட்டிற்று, நீ சாப்பிடாமலே புகழ்ந்தாய், சாப்பிட்டவர்கள் திட்டினதில் ஒரு நஷ்டமும் இல்லை, சாப்பிடாதவள் புகழ்ந்ததில்தான் உன் அம்மாவின் சத்தியம் பறிபோயிற்று. முகர்ஜி பாபுவை நான் இவ்வளவு நேரம் கேலி செய்தேன், அவராவது எதைப் பற்றி எழுதினாரோ அதைத் தின்றார். நல்ல எண்ணத்தில் செய்தாய் என்பது தெரியாமல் இல்லை. நாலு வருஷமாக வரவில்லை, அந்தக் குற்ற உணர்ச்சிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுச் சரிக்கட்டப் பார்த்தாய். எனக்குக் கோபம் வந்தது, அதற்கு மேல் வருத்தம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த எழுத்தை இன்றைக்கே அழித்துவிடு, அழித்துவிட்டேன் என்று எனக்கு மட்டும் சொல், உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அந்த பிரிண்ட் காகிதத்தை அவள் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள்.

இதுவரை எழுதிவிட்டு உறை தேடிக்கொண்டிருந்தேன். உன் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, உன் விலாசம் எழுதித் தயாராக இருந்த உறையை மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். மது வாணலி என்று படித்தபோதே தெரியுமாம். ஐஸ்கிரீமைப் புகழ்ந்ததற்காகவா பிரிண்ட் எடுத்தேன், அந்த ஒரு வரிக்காகத்தான் எடுத்தேன், பால் ஆகாது என்றானதிலிருந்து திரட்டுப்பாலே கிளறுவதில்லை, அவளுக்கு ஞாபகம் இருக்கிறதே என்று எடுத்தேன் என்கிறாள். ஃப்ளோரா ஆன்ட்டியிடம் போய் என் பெண் தின்னாமல் சொன்ன பொய் அது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பெற்ற பெண்ணைப் பொய்க்காரி என்று எப்படிச் சொல்லுவேன் என்று கேட்டாள், டப்பா வேலைக்காரி கைக்குப் போனபோதே அந்த எழுத்துதான் காரணம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டதாம். ஐந்து வாரமாக அவள் சாப்பிடாமல் இருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, அவளுடைய சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும், அவள் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் அலிப்பூரில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகவே நான் மேலே சொன்னதில் ஒரு திருத்தம். அழித்தால் மட்டும் போதாது. ஃப்ளோரா ஆன்ட்டியின் விலாசம் தனிச்சீட்டில் வைத்திருக்கிறேன், நீ உன் கையால், உன் பெயரில், நான் அந்தக் கடையில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை, அம்மா சொன்னதுதான் உண்மை என்று அவளுக்கு எழுது, ஆங்கிலத்தில் எழுதினால் போதும். பம்பாய்க்காரருக்கு ஒரு நகல் அனுப்பு. கடிதம் வருவதற்குள் இரண்டு வெள்ளிக்கிழமை போய்விடும், இதைப் போட்டோ எடுத்து இப்போதே அனுப்புங்கோ என்கிறாள் உன் அம்மா, அதையும் செய்கிறேன். காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, உங்கள் இரண்டு பேருக்கும் தீர்க்காயுசும் நிறைந்த வாழ்வும் அம்பாள் கொடுக்கட்டும். கடைசியாக உன் அம்மா சொல்லச் சொன்னது இது. கோடை லீவில் வந்து காரேஜில் உட்கார்ந்து ஒரு கோப்பை நிஜமாகவே சாப்பிட வேண்டுமாம், சாப்பிட்டுவிட்டு உன் சொந்தப் பெயரில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாலும் அவளுக்குப் போதுமாம்.

இப்படிக்கு,
கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அன்பான பெரியவர்,
உன் அப்பா
வெங்கடநாராயணன்