நீங்கள் படியெடுத்த பத்தொன்பதாம் அத்தியாயம்

நேற்று உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்த நோட்டைத் திறந்ததும் உங்கள் மூக்குப்பொடி நெடி. தும்மினேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நாம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த நாவல். நாயக்கர் கால மலைக்கோட்டை, இரண்டு மந்திரவாதிகள். ஒருவன் உங்களுடையவன், மற்றவன் என்னுடையவன். மாறி மாறி அத்தியாயம். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். திருவெறும்பூர் வீட்டில் தாளில் கிறுக்கிப் பள்ளிக்கு எடுத்துவருவேன். ஸ்ரீரங்கத்தில் நீங்கள் நோட்டில் படியெடுப்பீர்கள். ஒரே விதி: மற்றவர் எழுதியதை அடித்துத் திருத்தக் கூடாது. கதையில் அடிபட்டவன் அடுத்த அத்தியாயத்தில் மந்திரம் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பதினெட்டாம் அத்தியாயத்தில் என் மந்திரவாதிக்கு என்னுடைய திக்குவாயைக் கொடுத்தீர்கள். முதல் எழுத்திலேயே மந்திரம் மாட்டிக்கொள்ள, அரசவை சிரித்தது. ஆசிரியர் அறையில் நடித்தே காட்டினீர்கள். "நம்ம கணக்கு சார் பாடம் எடுக்குற மாதிரியே இல்ல?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வட்டம் வரையக் காம்பஸ் முள்ளை நடுவில்தான் குத்த வேண்டும். உங்கள் நடு எனக்குத் தெரியும்: சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் உங்கள் மந்திரவாதி தன் மகளை மந்திரத்தால் வரவழைக்கிறான். சபை நடுவே அவள் சொல்கிறாள்: "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது. செத்தாலும் சொல்லி அனுப்பாதீர்கள்."

தாளைப் படித்துவிட்டு, "நல்லா வந்திருக்கு சார்," என்றீர்கள். அப்புறம் நோட்டும் வரவில்லை, நீங்களும் வரவில்லை.

"அப்பா முடியாம கெடந்தப்ப, மகளுக்குச் சொல்லவான்னு பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டதுக்கு, எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்னுட்டாராம் சார். எல்லாம் முடிஞ்சுதான் தெரியும்," என்றாள் மகள். பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டிக் காட்டினாள். உங்கள் மணியான கையெழுத்து. ஓர் எழுத்தைக்கூட நீங்கள் மாற்றவில்லை.

"நான் இப்படித்தான் சொல்லுவேன்னு எழுதியே வெச்சிருக்காரே சார். அப்பா என்னைப் பத்தி இப்படியா நெனச்சாரு?"

"நான் எழுதினதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். நா, நா, நா. அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. பொறுமையாகக் காத்திருந்தாள். "பரவாயில்ல சார். அழாதீங்க," என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எழுதிக் காட்டியிருக்கலாம். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது.

அடுத்த பக்கத்தில் 'இருபது' என்று எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் முறை. நோட்டு என்னிடம் இருக்கிறது.